‘எடுத்தாச்சு’ என்று சொன்ன நாள்

போன வாரம் எனக்கு ஒரு போன் வந்தது. நம் இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த பெண். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே புகார்.

"மேடம், மீட்டரை எடுத்தாச்சுன்னுதான் சொன்னேன். ரூம்ல இருந்த அத்தனை பேரும் ஒண்ணா சேந்து 'உள்ளயா, வெளியயா?'ன்னு கத்துறாங்க. ஏன்னு கேட்டா உங்களைக் கேக்கச் சொல்றாங்க. இது என்ன, ராகிங்கா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கத்தல் ஓயவில்லை என்று தெரிந்ததில் பெருமை வேறு. ராகிங் இல்லை கண்ணு, அது என்னால் வந்த வழக்கம் என்றேன். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால், அவளுக்கும் அவளோடு சேர்ந்த மற்றவர்களுக்குமாக இதை எழுதுகிறேன். மீட்டரை எப்படிக் கழற்றி எப்படி மாட்டுவது என்பதெல்லாம் மேனுவலில் இருக்கிறது, அதை நான் சொல்லப் போவதில்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், அடுத்தவர் நிலத்தில் நடவு நட்ட குடும்பத்தில் பிறந்தவள் நான். டிப்ளமா முடித்து நெய்வேலியில் அனல் மின் நிலையத்துக்கு டெக்னீஷியனாக வந்தேன். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு பாய்லர் படி ஏறிய முதல் நாள், "இந்தம்மா எத்தனை நாளைக்கு ஏறும்?" என்று கீழே நின்றவர்கள் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். முப்பத்தைந்து வருஷம் ஏறினேன். பேசியவர்களில் பாதிப் பேர் முட்டி வலி என்று சீட்டு வாங்கிக்கொண்டு ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டார்கள்.

இரண்டாவது பீற்றல்தான் இந்தக் கதைக்கு வேண்டியது. ஓடிக்கொண்டிருக்கும் யூனிட் திடீரென்று நிற்பதை ட்ரிப் என்கிறோம். ட்ரிப் ஆனதும் கன்ட்ரோல் ரூமில் எழும் முதல் கேள்வி என்ன என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். "இன்ஸ்ட்ருமென்ட்காரங்க எங்கயாச்சும் கை வச்சாங்களா?" மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அங்கே நாம்தான் எப்போதும் மருமகள்.

அதனாலேயே எனக்கு ஒரு வெறி. என்னால் யூனிட் நின்றது என்று ட்ரிப் புக்கில் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. இருபத்தெட்டு வருஷம் அப்படியே ஓட்டியும் விட்டேன். கேன்டீனில் சொல்லிக் காட்டினேன், ஷிப்ட் பஸ்ஸில் சொல்லிக் காட்டினேன், காலையில் கோலம் போடும்போது எதிர் க்வார்ட்டர்ஸில் இருந்த ஆபரேட்டர் மனைவியிடம்கூட, "உங்க வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்க, என் பேர் அந்த புக்குல இருக்கான்னு" என்று வம்புக்கு இழுத்திருக்கிறேன். இந்தப் பெயர் கெடாமல் ரிட்டயர் ஆகிவிட வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே ஆசை. பிள்ளைகள் கல்யாணம்கூட அதற்குப் பிறகுதான்.

புயலில் முந்திரித் தோப்பெல்லாம் வேரோடு சாய்ந்ததே, அதற்கு அடுத்து வந்த கோடை. தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் வெட்டு. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் போன் செய்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால், "கரண்ட் தயார் பண்றது உங்க ஊர்லதான? எங்களுக்கு ஏன் இல்ல?" என்று சண்டைக்கு வருவார்கள். அந்தச் சமயத்தில் ஒரு யூனிட் நின்றுபோனால் உச்சி வரைக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

பாய்லரின் மேல் மாடியில் ட்ரம் என்கிற பெரிய உருளை இருக்கிறது. அதில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல மூன்று லெவல் மீட்டர்கள். தண்ணீர் கூடினால் டர்பைனுக்குக் கேடு. குறைந்தால் அதைவிடப் பெரிய கேடு: நெருப்புக்கு நடுவே நிற்கும் குழாய்கள் வறண்டு வெடிக்கும், கீழே சாம்பல் பகுதியில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அதனால் மூன்றில் இரண்டு மீட்டர் 'தண்ணீர் போச்சு' என்று சொன்னால், யாரையும் கேட்காமல் யூனிட் தானாக நின்றுவிடும். அது ஓட்டுப் போடுகிற மாதிரிதான். இது தவிர, மூன்றில் ஏதாவது ஒரு மீட்டரைப் பார்த்து ஆட்டோ என்கிற தானியங்கி தண்ணீரைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும். எந்த மீட்டரைப் பார்க்க வேண்டும் என்பதை கன்ட்ரோல் ரூமில் டெஸ்க் இன்ஜினியர் ஒரு திருகைத் திருப்பி முடிவு செய்வார்.

அன்று ஆட்டோ ஒன்றாம் நம்பரில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றாம் நம்பருக்கு மந்தம். தண்ணீர் ஏறியதும் இறங்கியதும் வெகுநேரம் கழித்துத்தான் அதற்குத் தெரியும். டெஸ்க்கில் இருந்தவர் முத்துக்குமார். திருநெல்வேலிக்காரர், தெற்கே வேறொரு மின் நிலையத்தில் இருந்துவிட்டு எங்களிடம் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல மரியாதைக்காரர்.

"மேடம், ரெண்டாம் நம்பரை ஒரு தடவை சரிபாத்துக் குடுத்துருங்க. ஆட்டோவை அதுக்கு மாத்திட்டு, ஒண்ணை உங்க கையில விட்டுருதேன்" என்றார்.

சரியான யோசனை. காலை ஒன்பது மணிக்கு, வேலை தொடங்கலாம் என்கிற பர்மிட்டில் கையெழுத்தானது. என் வேலைக்கு நடுவில் ஏதாவது ஆகி யூனிட் நின்றுவிடக் கூடாதே என்று, பேனலில் இரண்டாம் நம்பரின் ஓட்டு மட்டும் எண்ணிக்கையில் சேராதபடி துண்டித்தேன். இனி ஒன்றாம் நம்பரும் மூன்றாம் நம்பரும் சேர்ந்து சொன்னால்தான் யூனிட் நிற்கும். அதில் ஒன்றாம் நம்பர் மந்தம் என்பது எனக்குத் தெரியும். அரை மணி நேர வேலைதானே என்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் முதல் தப்பு அது.

கிளம்பும்போது வேறோர் அவசர வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அதை முடித்துவிட்டு வந்தால் லிஃப்ட் மக்கர். நானும் கலியபெருமாளும் படியேறினோம். கலியபெருமாள் கான்ட்ராக்ட் டெக்னீஷியன், வளையமாதேவிப் பக்கத்துக்காரர், என்னோடு பத்து வருஷமாக வேலை பார்த்தவர். கருவிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் வந்தார்.

"மலைக் கோயிலுக்கு ஏறுற மாதிரியே ஏறிகினு இருக்கோம்க்கா. அங்கயாவது புண்ணியம் கிடைக்கும்."

மேலே போய், இரண்டாம் நம்பருக்குப் போகும் இரண்டு வால்வையும் மூடியபோது மணி பதினொன்று. அந்தத் தளத்தில் இருக்கும் போனை எடுத்துக் கத்தினேன். பாய்லர் பக்கத்தில் கத்தாமல் பேச முடியாது.

"முத்துக்குமார், ரெண்டு எடுத்தாச்சு!"

"எடுத்தாச்சா மேடம்? ரொம்ப தேங்க்ஸ்!"

தேங்க்ஸ் எதற்கு என்று அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மீட்டரைக் கழற்ற ஆரம்பிக்கிறவளுக்கு யாராவது தேங்க்ஸ் சொல்வார்களா? மரியாதைக்காரப் பிள்ளை, சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

பத்து நிமிஷம் போயிருக்கும். போன் அடித்தது. முத்துக்குமார் குரலில் பதற்றமே இல்லை, கொஞ்சம் சலிப்புதான்.

"மேடம், மூணாம் நம்பர் கீழ போயிக்கிட்டே இருக்கு. அலாரம் வேற அடிக்கு. மீட்டர்தான் போச்சு போல. அதையும் ஒரு எட்டு பாத்துருங்க."

"ஒண்ணு என்ன காட்டுது?"

"அது கொஞ்சம்தான் எறங்கிருக்கு."

அதுதான் மந்தமாயிற்றே. "ஆட்டோ ஒண்ணுலதான ஓடுது?"

"இல்ல மேடம், ரெண்டுக்கு மாத்திட்டேன். ரெண்டு ஆடாம அசையாம ஜம்முன்னு நிக்கு."

ஆடாமல் அசையாமல் நிற்கும். ஏன் நிற்காது? இரண்டு வால்வையும் மூடி அதன் கண்ணைக் கட்டியவளே நான்தானே.

"ரெண்டா? ரெண்டு எடுத்தாச்சுன்னு சொன்னேனே!"

"அதான் மேடம், நீங்கதான எடுத்தாச்சுன்னு சொன்னிய!"

இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தை ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டோம். எங்கள் நிலையத்தில் எடுத்தாச்சு என்றால் வேலையிலிருந்து வெளியே எடுத்தாச்சு. திரும்பச் சேர்த்தால் போட்டாச்சு என்போம். அவர் வேலை பார்த்த இடத்தில் எடுத்தாச்சு என்றால் சர்வீஸில் எடுத்தாச்சு, அதாவது உள்ளே சேர்த்தாச்சு. ஒன்பது மணிக்கு பர்மிட் வாங்கியவள் பதினொரு மணிக்குக் கூப்பிட்டு எடுத்தாச்சு என்றால், வேலை முடிந்தது என்றுதானே அவர் நினைப்பார்? இந்த நகரியத்தில் ஒவ்வொரு ப்ளாக்கிலும் பத்து ஜில்லாக்காரர்கள் குடியிருக்கிறோம். குழம்புக்கும் கூட்டுக்கும் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கேலி பேசியிருக்கிறோம். இந்த ஒரு சொல்லை மட்டும், உனக்கு என்ன அர்த்தம் எனக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

நடந்தது இதுதான். வால்வை மூடிய நேரத்தில் இரண்டாம் நம்பர், வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகத் தண்ணீரைக் காட்டியபடி உறைந்துவிட்டது. அதை நம்பிய ஆட்டோ, தண்ணீர் இன்னும் குறையவில்லை, இன்னும் குறையவில்லை என்று பத்து நிமிஷமாக உள்ளே வரும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. உண்மையைச் சொன்னது மூன்றாம் நம்பர் மட்டும்தான். செத்த மீட்டர் ஒன்றும் மந்த மீட்டர் ஒன்றும் சேர்ந்து அதைப் பொய்யாக்கிவிட்டன. தானாக நிற்க வேண்டிய யூனிட்டும் நிற்காது, ஏனென்றால் ஓர் ஓட்டை நானே துண்டித்திருக்கிறேன், இன்னோர் ஓட்டு எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது.

"மேடம், கையால தண்ணிய தொறந்து விட்டுரட்டா?" முத்துக்குமாருக்கு இப்போதுதான் பதற்றம் வந்தது.

"தொடாதீங்க! கண்ணாடியப் பாத்துட்டு வரேன்."

ட்ரம்மின் ஒரு முனையில் கண்ணாடி இருக்கிறது. மேலிருந்து கீழாக ஐந்து சின்ன ஜன்னல்கள். தண்ணீர் நிற்கிற ஜன்னல் பச்சையாகத் தெரியும், ஆவி நிற்கிற ஜன்னல் சிவப்பாகத் தெரியும். அதை டெஸ்க்கில் காட்டுகிற கேமரா அன்று மங்கல், அதுவும் நம் செக்‌ஷன் பொறுப்புதான். ஒரு ஜன்னலிலாவது பச்சை இருந்தால் தண்ணீரைத் திறந்துவிடலாம். ஐந்தும் சிவப்பென்றால் திறக்கவே கூடாது, தண்ணீர் எவ்வளவு கீழே போயிருக்கிறதென்று தெரியாது, காய்ந்த குழாயில் தண்ணீர் பட்டால் அதுவே போதும் வெடிக்க. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே தண்ணீரையே விடக் கூடாது.

போனைக் கலியபெருமாள் கையில் திணித்துவிட்டு ஓடினேன். ஐம்பது வயதைத் தாண்டியவள், அந்த அனலில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

முதல் ஜன்னல் சிவப்பு. இரண்டு, மூன்று, நான்கு, சிவப்பு. ஐந்தாவதில் பச்சை ஒரு கணம் வந்து போன மாதிரி இருந்தது.

வந்ததா, இல்லை வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனா? உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்த இடத்தில் எனக்குச் சாம்பல் அள்ளுகிறவர்கள் நினைவு முதலில் வரவில்லை. ட்ரிப் புக்தான் வந்தது. பச்சை தெரியுது, தண்ணியைத் திற என்று நான் சொன்னால் போதும். மறுத்துப் பேச ஆள் இல்லை, அந்தக் கண்ணாடி முன்னால் நின்றவள் நான் ஒருத்திதான். ஒன்றிரண்டு நிமிஷத்தில் தண்ணீர் ஏறினாலும் ஏறிவிடும். யூனிட் ஓடும், இருபத்தெட்டு வருஷப் பெயர் அப்படியே இருக்கும், எடுத்தாச்சு போட்டாச்சு எதுவும் வெளியே தெரியாது.

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதே இடத்தில் நம் செக்‌ஷன் ஆள் வேறு யாராவது நின்று, "பச்சை மாதிரி இருந்துச்சு மேடம்" என்று என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? மாதிரியாவது மண்ணாவது என்று விளாசியிருப்பேன். மறுபடி பார்த்தேன். ஐந்தும் சிவப்பு.

"நிறுத்தச் சொல்லு!" என்று அங்கிருந்தே கத்தினேன்.

"சார், அக்கா நிறுத்தச் சொல்றாங்க!" என்று கலியபெருமாள் போனில் கத்தினார். உடனே என் பக்கம் திரும்பி, "எதைன்னு கேக்குறாருக்கா! தண்ணியையா?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு சொல்லால் இவ்வளவு தூரம் வந்த பிறகும் நான் அரைகுறையாகத்தான் பேசியிருக்கிறேன். ஓடி வந்து போனைப் பிடுங்கினேன்.

"முத்துக்குமார், நல்லா கேளுங்க. கண்ணாடியில தண்ணி இல்ல. யூனிட்டை ட்ரிப் பண்ணுங்க. பாத்தது நான், சொல்றது நான். இப்ப நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

"கண்ணாடியில தண்ணி இல்ல. யூனிட்டை ட்ரிப் பண்ணணும். பாத்தது நீங்க..." நிறுத்திவிட்டார். "மேடம், கரண்ட்டே இல்லாத நேரம். பெரியவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேக்க நேரமில்ல. என் பேரை எழுதிக்கிட்டு அழுத்துங்க."

அழுத்தினார்.

அத்தனை வருஷமாக அந்தத் தளத்தில் நான் கேட்ட இரைச்சல் மெல்ல இறங்கியது. நானும் கலியபெருமாளும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கீழே சாம்பல் பகுதியிலிருந்து ஆட்கள் என்ன ஆச்சு என்று வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். அதில் ஒருவர் கையசைத்தார். அவரைப் பார்த்த பிறகுதான் கீழே எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்தேன்.

பாய்லர்காரர்கள் பிறகு எல்லாவற்றையும் சோதித்தார்கள். தண்ணீர் கடைசி ஜன்னலுக்கும் கீழே போயிருந்தது. குழாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் எங்களால் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்றார்கள். மறுநாள் சாயங்காலம் யூனிட் திரும்ப ஓடியது.

ஆனால் எனக்குப் பெரிய சோதனை கன்ட்ரோல் ரூமில் காத்திருந்தது. ட்ரிப் புக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், என் பெருமை அவருக்கும் தெரியும். "கருவிக் கோளாறுன்னு எழுதிடலாம்மா. யார் பேரும் வேணாம்" என்றார். பக்கத்தில் நின்ற இன்னொருவர், மீட்டரைச் சரியாகப் பார்க்காமல் திருகை மாற்றியது டெஸ்க்கின் தப்புதானே என்றார். முத்துக்குமார் மூலையில் நின்றிருந்தார். வந்து மூன்று மாதம்தான், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் வாயைத் திறந்து, மேடம்தான் தப்பாகச் சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மீட்டர் மேல் போடலாம், முத்துக்குமார் மேல் போடலாம். இரண்டு வழியிலும் என் பெயர் தப்பித்துவிடும். மீட்டருக்கு வாய் இல்லை, அவருக்கு இருந்தும் பேசவில்லை. பேனாவை நான் வாங்கிக்கொண்டேன். காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: 'இரண்டாம் நம்பர் மீட்டரை வெளியே எடுத்ததை, எடுத்தாச்சு என்று மட்டும் சொன்னேன். உள்ளே எடுத்ததாக டெஸ்க்கில் புரிந்துகொள்ளப்பட்டது. ஒன்றாம் நம்பர் மந்தம் என்று தெரிந்தும் இரண்டின் ஓட்டைத் துண்டித்தேன். யூனிட்டை நிறுத்தச் சொன்னதும் நான்தான்.' கீழே முழுப் பெயர், கையெழுத்து.

அதிகாரி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ட்ரிப் புக்குல இப்படியெல்லாம் எழுதுவாங்களாம்மா?"

"இனிமே எழுதுவாங்க சார்."

வாய் அப்படிப் பேசியதே தவிர, வீட்டுக்கு வந்து ஸ்கூட்டியை நிறுத்தியதும் அழுதேன். செத்துப்போயிருக்கக்கூடிய ஆட்களை நினைத்து அழுதேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். உண்மை அதுவல்ல. இருபத்தெட்டு வருஷப் பெயர் போச்சே என்றுதான் அழுதேன். எதிர் க்வார்ட்டர்ஸ்காரி பார்ப்பாளே என்று ஒரு வாரம் வாசலில் கோலமே போடவில்லை.

மறுநாள் செக்‌ஷனில் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இழவு வீடு மாதிரி இருந்தது. கேன்டீனிலிருந்து கேனைத் தூக்கிக்கொண்டு வந்தவர், "டீ எடுத்தாச்சு" என்றார்.

"உள்ளயா, வெளியயா?" என்று கேட்டார் கலியபெருமாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது நான்தான். பிறகு அந்த ரூமே சிரித்தது. அன்றிலிருந்து யார் எடுத்தாச்சு என்று சொன்னாலும் அந்தக் கேள்வி வரும், பதில் சொல்லாமல் நகர முடியாது. போனில் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைப்பதும் அதோடு சேர்ந்து வந்ததுதான். ஒரு மீட்டருக்கு உடம்பு சரியில்லாதபோது இன்னொன்றின் ஓட்டில் கை வைக்காதே என்பதும்தான். இந்தச் சத்தத்தைத் தொடங்கி வைத்த கலியபெருமாள் இன்னமும் கான்ட்ராக்ட்தான். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது வேறு கட்டுரையாகிவிடும், அதனால் விடுகிறேன்.

ஏழு வருஷம் கழித்து எனக்குப் பிரிவு உபசார விழா. புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர் மைக்கில் புகழ்ந்து தள்ளினார். யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் போல. "மேடம் கை பட்டு ஒரு யூனிட்கூட நின்றதில்லை" என்றார். கை தட்டினார்கள். எந்தப் பெயருக்காக அத்தனை வருஷம் ஏங்கினேனோ, அதைத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

எழுந்து நின்றேன். "ஒண்ணு இருக்கு சார்" என்றேன்.

அதிகாரி விழித்தார். முன்வரிசையிலிருந்து முத்துக்குமார் எழுந்து வந்தார். அப்போது அவர் ஷிப்ட் இன்சார்ஜ், அவருக்குக் கீழே பத்து பேர். கையில் வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு பொருள். வழக்கமாகக் கொடுக்கிற சுவர்க் கடிகாரம்தான் என்று நினைத்துப் பிரித்தேன். ட்ரிப் புக்கின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார். என் கையெழுத்துக்குக் கீழே, அன்று இல்லாத ஒரு வரியை இப்போது அவர் எழுதியிருந்தார். 'கேட்டு அழுத்தியது: முத்துக்குமார்.'

எங்கள் வீட்டு ஹாலில், வாசலைப் பார்த்த சுவரில் அதை மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "அவார்டா?" என்று கேட்கிறார்கள்.

ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.